முகமூடி கழன்ற பிறகு

ஸேகா நிறுவனத்தின் ஜெனிஸிஸ் கருவிக்காக 1995-ல் வெளிவந்த 'ஸ்கூபி டூ மிஸ்டரி' என்ற விளையாட்டைச் சென்ற மாதம் ஐந்தாறு இரவுகள் உட்கார்ந்து ஆடி முடித்தேன். அந்தக் கருவி இன்று பழம்பொருள். அதைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றி, நண்பர் ஒருவர் எனக்கு ஓட்டிக் காட்டினார். இலக்கிய விமர்சனம் எழுதுகிறவன் இதையெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்வதா என்று அவரே சிரித்தார். நம்மிடையே தீவிரம் என்பது எடுத்துக்கொண்ட விஷயத்திலேயே குடியிருப்பதாக ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மரணத்தைப் பற்றி எழுதினால் தீவிரம், மளிகைக் கடையைப் பற்றி எழுதினால் ஜனரஞ்சகம். இதற்குப் பதில் சொல்லி நேரத்தைக் கழிக்க விருப்பமில்லை.

விளையாட்டில் தத்துவம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் இருப்பது ஒரு நாய், சில சாவிகள், கொஞ்சம் தீனி. ஆனால் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அது நான் மூன்று வருஷங்களாக மூடிவைத்திருந்த ஒரு காரியத்தில் கொண்டுபோய் விட்டது. எதிரில் நிற்பவன் முகமூடி அணிந்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம். இழுத்துப் பார்க்கிறோம். இழுத்த பிறகு நாம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா, அல்லது அதோடு கதை முடிந்ததா?

விளையாட்டில் இரண்டு கதைகள். ஒன்று 'பிளேக்ஸ் ஹோட்டல்', மற்றது 'ஹா ஹா கார்னிவல்'. தங்கும் விடுதியும் கேளிக்கைச் சந்தையும். முன்பின் தெரியாதவர்கள் வந்து காசு கொடுத்தால்தான் இரண்டும் நடக்கும். பேய் புகுந்தால் முதலில் நொடித்துப்போவதும் இப்படிப்பட்ட இடங்கள்தான். நாம் நடத்திச் செல்வது ஷாகி என்ற ஒட்டடைக்குச்சி இளைஞனை. ஸ்கூபி கூடவே வருகிறது. திரையில் வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு வினையைத் தேர்ந்துகொண்டு, பிறகு படத்தில் உள்ள பொருளையோ ஆளையோ சுட்ட வேண்டும். பார், எடு, பேசு, கொடு — இந்த மாதிரி. 1987-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவினர் 'மேனியாக் மேன்ஷன்' செய்தபோது நிலைபெற்ற முறை இது. அதற்கு முன் இந்த வகை விளையாட்டுகளில் கட்டளைகளை நாமே எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். எந்தச் சொல்லைக் கணினி புரிந்துகொள்ளும் என்று ஊகிப்பதே பாதி விளையாட்டு. இங்கே சொற்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகின்றன. கணினிக்கும் மௌஸுக்கும் என்று உருவான இந்த முறையை, திசைப்பொத்தானும் வேறு சில பொத்தான்களும் மட்டுமே கொண்ட கைப்பிடிக்குள் அடைத்ததில் ஒரு மந்தகதி வந்துவிட்டது. பொறுமையற்றவர்களுக்கு இது எரிச்சல். எனக்கு அந்த மந்தகதிதான் பிடித்தது. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு சிறு உழைப்பு தேவைப்பட்டது. (அதே பெயரில் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு வந்தது முற்றிலும் வேறொரு விளையாட்டு. ஓட்டமும் தாவலும். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.)

மூலக் கார்ட்டூனைச் சிறுவயதில் கேபிள் டிவியில் பார்த்தவர்களுக்கு அதன் சட்டகம் மறந்திருக்காது. நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் வண்டியில் வருகிறார்கள். ஒரு இடத்தில் பேயோ பூதமோ உலவுகிறது. ஓட்டம், ஒளிதல், தடயம், பொறி. கடைசியில் பேயின் முகமூடியை இழுக்கிறார்கள். உள்ளே ஒரு மனிதன். பெரும்பாலும் கதையின் தொடக்கத்தில் மரியாதையாகப் பேசிவிட்டுப் போன மனிதன். 1969 செப்டம்பர் 13 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் கதையிலேயே இது முழுமையாக அமைந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் இரவில் கறுப்புக் கவசத்தோடு ஒரு வீரன் நடமாடுகிறான். முகமூடி கழன்றதும் உள்ளே இருப்பவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். அசல் ஓவியங்களை விற்றுவிட்டுப் போலிகளை மாட்டிக்கொண்டிருந்தவர். போலிகளைக் காப்பாற்ற ஒரு போலிப் பேய்.

இந்தக் கார்ட்டூன் பிறந்த சூழ்நிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் அடிதடி மிஞ்சிவிட்டது என்று பெற்றோர் அமைப்புகள் எதிர்க்குரல் எழுப்பின. 1968-ல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குரலைத் தொலைக்காட்சி நிறுவனங்களால் புறக்கணிக்க முடியவில்லை. குத்தும் உதையுமாக இருந்த சாகச வீரர்கள் விடைபெற்றார்கள். அந்தக் காலியிடத்தில்தான் ஹானா பார்பரா நிறுவனத்துக்காக ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் இதை எழுதினார்கள். வில்லனை அடிக்கக் கூடாது என்றால் அவனை என்ன செய்வது? அவன் முகத்தை எல்லோருக்கும் காட்டிப் பெயரைச் சொல்வது. குத்து இருந்த இடத்தில் முகமூடி இழுத்தல் வந்து உட்கார்ந்தது. குழந்தைகளுக்கு ஊறு செய்யாத செயல் என்று அது அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கணத்தில் குழந்தை அடையும் திருப்தி எந்தத் திருப்தியின் வாரிசு என்பதை யாரும் விசாரிக்கவில்லை என்று தோன்றுகிறது.

தர்க்கரீதியாக இந்தக் கார்ட்டூனின் மேல் குறை சொல்ல முடியாது. 1748-ல் டேவிட் ஹ்யூம் அற்புதங்களைப் பற்றிச் சொன்ன விதியை அது குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்கிறது. இறந்தவன் எழுந்து வந்தான் என்பதைவிட, அப்படிச் சொல்பவன் ஏமாந்தான் அல்லது ஏமாற்றுகிறான் என்பதற்கே சாத்தியம் அதிகம். இதைவிட ஆரோக்கியமான பாடம் எட்டு வயதுக் குழந்தைக்கு இருக்க முடியாது. பயத்துக்கு ஒரு ஆசிரியன் உண்டு. அவனுக்கு ஒரு லாபக் கணக்கும் உண்டு. இன்னொரு கதையில் கைவிடப்பட்ட சுரங்கத்தில் பழைய தங்கவேட்டைக்காரனின் ஆவி அலைகிறது. உண்மையில் அது அங்கே வேலை பார்க்கும் ஆள். நிலத்தடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். பயத்தால் நிலம் மலிந்தால் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். பேய்க்கதை என்று பார்க்க உட்கார்ந்த குழந்தை, நிலவிலை எப்படி இறக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுந்திருக்கிறது. அந்த அளவில் நம் சமூக நாவல்கள் பலவற்றைவிட இந்த நாய் தெளிவாகப் பேசுகிறது.

இதெல்லாம் பார்க்கும்போது. ஆடும்போது விஷயம் வேறாகிவிடுகிறது.

கார்ட்டூனில் ஷாகி கோழை. அவனும் நாயும் தடயத்தைத் தேடிப் போவதில்லை. பயந்து ஓடும்போது தடயத்தின் மேல் தடுக்கி விழுகிறார்கள். விளையாட்டிலோ அந்தக் கோழையின் உடம்புக்குள் நம்முடைய சந்தேகம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பார்க்க விரும்பாதவனைக் கொண்டு எல்லாவற்றையும் பார்க்க வைக்கிறோம். ஜன்னலைப் பார், மேஜையைப் பார், கதவைத் திற, அந்த ஆளிடம் பேசு, இன்னொரு தடவை பேசு. இந்த வகை விளையாட்டில் வழி தெரியாமல் நிற்கும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். கையில் உள்ள எல்லாப் பொருள்களையும் கண்ணில் படும் எல்லாவற்றின் மேலும் பிரயோகித்துப் பார்ப்பது. மூன்றாம் இரவு எனக்கு அது பழகிவிட்டது. ஒரு அறைக்குள் நுழைந்தால் அறை தெரிவதில்லை. எது பதில் சொல்லும், எது சொல்லாது என்பதுதான் தெரிகிறது. மனிதர்களும் அப்படியே. ஒருவர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டால், அவர் சுவரில் தொங்கும் படத்துக்குச் சமம்.

கார்ட்டூனிலும் இதன் ஒரு முன்னோடி உண்டு. செலவைக் குறைக்க, அந்தப் படங்களில் பின்னணியை ஒருமுறை வரைந்து வைத்துவிட்டு, அசையப்போவதை மட்டும் தனித் தாளில் தீட்டி மேலே வைத்தார்கள். அதனால் அலமாரியில் உள்ள நூறு புத்தகங்களில் எது நகரும் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். சிறுவயதில் ரகசியக் கதவு எங்கே என்று நான் முன்கூட்டியே சொல்லிப் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. துப்பறியும் திறமை என்று அதை நம்பினேன். நான் கண்டுபிடித்தது கதையின் ரகசியத்தை அன்று, பெயிண்டின் ரகசியத்தை. அந்தக் கண்ணோடுதான் வளர்ந்தேன்.

விளையாட்டின் வினைப்பட்டியலில் இல்லாத வினைகளை ஒரு இரவு யோசித்தேன். 'விட்டுவிடு' இல்லை. 'காத்திரு' இல்லை. 'மன்னிப்புக் கேள்' இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை; அது ஒரு குழந்தை விளையாட்டு. ஆனால் நான் உத்தியோகம் பார்க்கும் இடத்திலும் அவை இல்லை என்பது அப்போது உறைத்தது.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்டரில் பணம் கொடுக்கிறவன். மூன்று வருஷங்களுக்கு முன், மாதத் தொடக்கத்தில், பென்ஷன் கூட்டம் நிறைந்த ஒரு காலை. எழுபது வயதிருக்கும் ஒருவர் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டினார். கையெழுத்தைத் திரையில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகவில்லை. பழையது ஒரே வீச்சில் போட்டது, கடைசி எழுத்தில் ஒரு சுழிப்பு. இதுவோ கோணல்மாணலாக, தாளைக் கீறியதுபோல. மறுபடி போடச் சொன்னேன். போட்டார். முதலாவதற்கும் இரண்டாவதற்குமே ஒற்றுமை இல்லை. மூன்றாம் முறை போடச் சொன்னேன், இந்தத் தடவை சற்று உரக்க. வரிசை திரும்பிப் பார்த்தது. "பாஸ்புக்கில இருக்கிறது நீங்கதானா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வலது கையை இடது கையால் தூக்கிக் கவுன்டர் பலகையின் மேல் வைத்தார், ஒரு சாமானை வைப்பதுபோல. "கை போயிடுச்சு சார். ஆளு நான்தான்" என்றார்.

விதிப்படி நான் செய்தது சரி. அதற்குச் சில மாதங்கள் முன்பு, சரியாக ஒப்பிடாமல் விட்ட ஒரு கையெழுத்தால் ஒரு விதவை தன் சேமிப்பை இழந்தாள். எடுத்தவன் அவளுடைய உறவுக்காரன். அன்று அந்தக் கவுன்டரில் யாராவது மூன்று முறை கையெழுத்துக் கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஆகவே சந்தேகம் பாவம் என்று ஒரு சாத்வீக முடிவுக்கு வர எனக்கு வழியில்லை. சந்தேகப்படத் தெரியாத குமாஸ்தா ஏழைகளின் எதிரி. என்னை உறுத்துவது வேறு. மூன்றாம் முறை கேட்டபோது என் குரல் ஏன் உயர்ந்தது? முதல் தடவை கேட்டது கடமை. மூன்றாவதில் ஒரு எதிர்பார்ப்பு கலந்திருந்தது. இதோ, கழலப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனில் கயிற்றில் தொங்கும் பேயை நோக்கி ஒரு கை நீளும்போது தொண்டையில் ஏறுமே, அதே ருசி. அவர் திருடனாக இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் திருடன் இல்லை என்று தெரிந்த கணத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதியும் இல்லை, வெட்கமும் இல்லை, ஏமாற்றம். வெட்கம் வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

இங்கே ஆங்கில நாவல் ஒன்றை இழுத்துக்கொள்கிறேன். பி.ஏ.-யில் படித்ததற்கு இப்படியாவது பிரயோஜனம் இருக்கட்டும். பேயைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் பின்னால் மனிதக் காரணம் சொல்லும் உத்தியை இந்தக் கார்ட்டூனுக்கு ஒன்றேமுக்கால் நூற்றாண்டு முன்பே கையாண்டவர் ஆன் ராட்கிளிஃப். 1794-ல் வந்த 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் எமிலி என்ற பெண் பாழடைந்த கோட்டையில் ஒரு கறுப்புத் திரையை விலக்குகிறாள். பின்னால் இருப்பதைப் பார்த்ததும் மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை ராட்கிளிஃப் வாசகனுக்குச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்து, கதை முடியும் தறுவாயில்தான் சொல்கிறார்: அது மெழுகுப் பொம்மை. அழுகும் பிணத்தைப் போலச் செய்யப்பட்டது. எந்தக் காலத்திலோ யாருக்கோ தண்டனையாக, மரணத்தை நினைத்துக்கொண்டிருக்க வைக்கப்பட்டது. கொலையுண்ட ஒரு பெண்ணின் உடல் என்று எமிலி அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இதை மலிவான உத்தி என்று பலர் கேலி செய்திருக்கிறார்கள். நானும் வகுப்பில் சிரித்தேன். ஆனால் ராட்கிளிஃப் அந்த இடத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். எமிலி இன்னொரு தடவை பார்த்திருந்தால் பயமும் மாயையும் ஒன்றாகவே போயிருக்கும் என்கிற பொருளில். திரையை விலக்கும் துணிச்சல் அவளுக்கு இருந்தது. விலக்கிய பின் நின்று பார்க்கிற துணிச்சல் இல்லை.

இந்த இரண்டாம் பார்வை ஸ்கூபி டூவில் இல்லை. முகமூடி கழன்றதும் அந்த முகம் எத்தனை விநாடி திரையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெயர் சொல்லப்படுகிறது. வெல்மாவோ ஃபிரெட்டோ எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று விளக்குகிறார்கள். இந்தப் பிள்ளைகள் மட்டும் மூக்கை நுழைக்காவிட்டால் தப்பியிருப்பேன் என்று அவன் முணுமுணுக்கிறான். போலீஸ் கூட்டிப் போகிறது. பிறகு எல்லோரும் நாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அரைமணி நேரம் முகமூடியை நாம் கவனித்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட முகத்துக்குக் கிடைப்பதில்லை. அது முகமே இல்லை, ஒரு விடை. விளையாட்டிலும் இதுதான் கதி. இரண்டு இரவுகள் சாவியும் கயிறும் தேடி அலைந்து ஒருவனைப் பிடித்த பிறகு, அவனிடம் எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. கேட்க நினைத்தாலும் வினைகள் திரையிலிருந்து போய்விட்டன. அடுத்த கதையை ஆரம்பித்தேன்.

முகமூடி என்று நினைத்து இழுப்பது முகமாகவே இருந்துவிட்டால்? கார்ட்டூனின் பரம்பரையிலேயே இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார்கள். 1998-ல் வீடியோவாக வெளியான 'ஸாம்பித் தீவில் ஸ்கூபி டூ' படத்தில், லூயிஸியானா சதுப்பு நிலத்தில் பிடிபட்ட ஒரு ஸாம்பியின் முகமூடியை ஃபிரெட் இழுக்கிறான். வழக்கம்போல, நம்பிக்கையோடு, உள்ளே யார் இருப்பார் என்று ஊகம் சொல்லிக்கொண்டே. முகமூடி வரவில்லை. தலை வருகிறது. குழந்தைகளுக்கான படத்தில் இவ்வளவு குரூரமான ஹாஸ்யம் எப்படி நுழைந்தது என்று இன்னும் வியப்பாக இருக்கிறது. அதைவிட முக்கியமானது பின்னால் தெரியவருகிறது. அந்த ஸாம்பிகள் குற்றவாளிகளே இல்லை. முன்பு அந்தத் தீவில் பலியானவர்கள். இப்போது வருகிறவர்களை எச்சரித்துத் துரத்தப் பார்க்கிறவர்கள். கொலைகாரர்கள் உபசரித்துச் சோறு போட்ட வீட்டுப் பெண்கள். முப்பது வருஷங்களாகப் பழகிய கை, பாதிக்கப்பட்டவனின் தலையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் கவுன்டருக்குப் பின்னால் நின்றது ஏறக்குறைய அப்படித்தான்.

இதை எழுதும்போது இன்னொரு மனிதரின் ஞாபகம் வருகிறது. ஸ்கூபி என்ற நாயை வரைந்தவர் இவாவோ தகமோத்தோ. கிரேட் டேன் இன நாய்களை வளர்த்த ஒரு பெண்மணியிடம் நல்ல ஜாதி நாயின் லட்சணங்களைக் கேட்டறிந்து, அத்தனையையும் தலைகீழாக்கி வரைந்தார்: வளைந்த கால், கூன் முதுகு, பெருத்த மோவாய். இது பலருக்குத் தெரிந்த கதை. தகமோத்தோ 1925-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், ஜப்பானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு. 1942-ல், பள்ளிப் பருவம் முடியும் வயதில், குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் மன்ஸனார் முகாமில் அடைக்கப்பட்டார். போர்க் காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் இப்படி முள்வேலிகளுக்குள் வைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, முகம்தான் குற்றச்சாட்டு. அண்டை வீட்டுக்காரன் என்பது முகமூடி, உள்ளே ஒற்றன் இருக்கிறான் என்று ஒரு தேசம் முடிவு செய்தது. இழுத்துப் பார்த்தது. உள்ளே அண்டை வீட்டுக்காரனே இருந்தான். அதை ஒப்புக்கொண்டு அரசு சட்டப்படி மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆயிற்று.

முகாமில் அடைபட்டிருந்தபோதுதான் தகமோத்தோ ஓவியத்தில் தேர்ந்தார், சக கைதிகளிடம் கற்றுக்கொண்டு. பிறகு டிஸ்னி, பிறகு ஹானா பார்பரா. அவருடைய நாயின் உருவத்தில் முகாமின் நிழலைத் தேடுகிற வேலையை நான் செய்யப்போவதில்லை. அதுவும் ஒரு முகமூடி இழுப்புத்தான். கோமாளி நாய்க்குள் துக்கத்தைக் கண்டுபிடித்துக் கைதட்டு வாங்குவது. அந்த நாய் வேடிக்கையான நாய். அவர் வேடிக்கையாகத்தான் வரைந்தார். அவ்வளவு நடந்த பிறகும் ஒருவரால் அப்படி வரைய முடிந்தது என்பதை விளக்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ள முடியாது. மார்க்ஸ், நீட்ஷே, ஃபிராய்டு மூவரையும் சந்தேகத்தின் ஆசான்கள் என்று பால் ரிக்கர் ஒரே வரிசையில் நிறுத்தினார். அவர்களிடமிருந்து சந்தேகத்தைக் கற்றுக்கொண்ட நாம், அவர்கள் பட்ட பாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. மார்க்ஸ் சரக்கின் முகமூடியைக் கழற்றிவிட்டுப் போய்விடவில்லை. உள்ளே இருந்ததைப் பல வருஷங்கள் உட்கார்ந்து பார்த்தார். நம் சிறுபத்திரிகைகளில் கழற்றுவதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. இவன் புரட்சிக்காரன் இல்லை, ஜாதிக்காரன். இது தரிசனம் இல்லை, தழுவல். இது மௌனம் இல்லை, பாவனை. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது, அதுதான் கஷ்டம். ஐந்து வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் எழுதினேன். அதில் வரும் தனிமை மொழிபெயர்ப்புக் கவிதைகளிலிருந்து இரவல் வாங்கியது என்று நிரூபித்தேன். ஆதாரங்கள் இருந்தன. நண்பர்கள் பாராட்டினார்கள். சென்ற வாரம் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். கவிஞருக்கு நான் செய்தது அநியாயம் என்று இப்போதும் தோன்றவில்லை. ஆனால் நான்கு பக்கக் கட்டுரையில் அந்தக் கவிதைகளில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. இரவல் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் எதற்காகவோ தெருவில் நிற்கிறான். சட்டை யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்காகச் சந்தேகத்தைக் கைவிட்டு, எல்லாவற்றையும் அனுதாபத்தோடு தடவிக்கொடுக்கும் ரசனை மரபுக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது இதைப் படித்தால், அது என் எழுத்தின் கோளாறு. அருங்காட்சியகப் பொறுப்பாளர் திருடத்தான் செய்தார். சுரங்கத்து ஆள் நிலத்தை அபகரிக்கத்தான் பார்த்தான். விதவையின் பணம் போனது போனதுதான். கறுப்புத் திரையை எமிலி விலக்கியே ஆக வேண்டும். ஆனால் விலக்குவதற்கு முன்னாலேயே பின்னால் இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டதாக நினைக்கும் கையும், விலக்கியதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் கண்ணும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆளை எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

விளையாட்டைக் கடைசி இரவு முடித்தபோது மணி ஒன்று. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, விடுதிக்குள் ஷாகியை நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். எதையும் சுட்டவில்லை. எனக்கு இப்போது எல்லா விடைகளும் தெரியும். ஆகவே முதல்முறையாக அறை தெரிந்தது: வரைந்தவன் சிரமப்பட்டுத் தீட்டியிருந்த சுவர், எதற்கும் பயன்படாத சாமான்கள். நாய் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கணினியை அணைத்தேன்.

அந்தப் பெரியவர் இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். வேறு கவுன்டரில் கூட்டம் குறைவாக இருந்தாலும் என் வரிசையில்தான் நிற்கிறார். அது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் பழகிய கையெழுத்தை மேலாளர் அனுமதியோடு பதிவு செய்துவிட்டோம். ஒப்பிடுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் படிவத்தை நீட்டும்போது அதோடு ஒரு துண்டு வெள்ளைத்தாளையும் சேர்த்து நீட்டுகிறார். அதில் மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் சார்" என்கிறார்.